முழங்கால் லிகமென்ட் காயம்: கையால் செய்யும் பரிசோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபடியில் கால் சுழன்றது, பைக்கிலிருந்து விழுந்தது, படியில் கால் தவறியது என்று வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. நடுவில் சில, பிசியோதெரபி மாணவர்கள் கேட்பவை. அவற்றில் விவரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்கிறார்கள். எந்த ஜவ்வு?

முழங்காலில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் முக்கிய லிகமென்ட்கள் நான்கு. மூட்டுக்குள்ளே ஒன்றையொன்று குறுக்காக வெட்டி ஓடுபவை இரண்டு. ஏசிஎல், கீழ்க்கால் முன்னால் நழுவாமல் பிடிக்கிறது. பிசிஎல், பின்னால் போகாமல் பிடிக்கிறது. பக்கவாட்டில் இரண்டு: உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல். இவை போக, எலும்புகளுக்கு நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெனிஸ்கஸ் உண்டு. ஊரில் அதையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறார்கள். அதனால் கிழிந்தது எது என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

எம்ஆர்ஐ இருக்கும்போது கையால் எதற்குப் பார்க்க வேண்டும்?

எம்ஆர்ஐ, நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த படம். லிகமென்ட் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். எலும்பை இழுத்துப் பிடிக்கிறதா என்று சொல்லாது. ரிப்போர்ட்டில் 'பாதிக் கிழிசல்' என்று வந்தவரின் முழங்கால் கையில் கல் மாதிரி உறுதியாக இருப்பதுண்டு. நேர்மாறாக, பழைய கிழிசலில் அறுந்த ஏசிஎல் பக்கத்திலிருக்கும் பிசிஎல்லோடு ஒட்டிக்கொண்டு படத்தில் ஓரளவு நன்றாகத் தெரியும். காலைப் பிடித்து இழுத்தால் தளதளவென்று வரும். ஆபரேஷன் வேண்டுமா, பயிற்சி போதுமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தத் தளர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக எம்ஆர்ஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. மெனிஸ்கஸ், குருத்தெலும்பு, எலும்புக்குள் ஏற்பட்ட அடி இதெல்லாம் தெரிய அது வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கட்டாயம் வேண்டும். ஆனால் காலைத் தொடாமலே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பதும், படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கை, அப்புறம் படம்.

கை வைப்பதற்கு முன்பே எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. எப்படி அடிபட்டது என்பதை நீங்கள் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பியது, உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டது, தொடர்ந்து ஆட முடியவில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்கியது என்றால் முதல் சந்தேகம் ஏசிஎல் மீதுதான். அவ்வளவு சீக்கிரம் வீங்குவது மூட்டுக்குள் ரத்தம் கசிவதால். சாயங்காலம் அடிபட்டு மறுநாள் காலையில்தான் வீக்கம் தெரிந்தது என்றால் மெனிஸ்கஸ் பக்கம் யோசிப்போம். மடங்கிய முழங்காலின் முன்பகுதி, சக்கரைக்கு (முழங்காலின் முன்னால் இருக்கும் வட்ட எலும்பு) கீழே, தரையிலோ கார் டேஷ்போர்டிலோ இடித்தது என்றால் பிசிஎல். கபடியில் நிற்கும் காலின் வெளிப்பக்கத்தில் இன்னொருவர் வந்து விழுந்தால் எம்சிஎல் அடிபடும்.

'வீக்கம் எப்போது வந்தது?' என்று கேட்டால் பலரும் 'உடனே' என்றுதான் சொல்வார்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து பேன்ட்டைக் கழற்ற முடிந்ததா, பேன்ட் இறுக்கமாக இருந்ததா என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும்.

அடிபட்ட காலைக் காட்டினால் டாக்டர் நல்ல காலைப் பிடித்துப் பார்க்கிறாரே?

நல்ல பழக்கம் அது. சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்ச்சியாக இருக்கும்; கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொட்டுவிடுவார்கள். அவர்களின் நல்ல முழங்காலே கொஞ்சம் ஆடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அடிபட்ட கால் ஆடுகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. வலியில்லாத காலில் முதலில் செய்து காட்டினால், என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், பயத்தில் தொடையை இறுக்கிக்கொள்ள மாட்டீர்கள்.

லாக்மேன் டெஸ்ட் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

ஏசிஎல்லுக்கு இருக்கும் சோதனைகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம் என்று சொன்னால் நான் எடுப்பது இதைத்தான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மேன் சொல்லிக்கொடுத்த முறை. அவரிடம் பயின்ற ஜோசப் டார்க் 1976ல் அதை எழுதி வெளியிட்டார். இதே மாதிரி ஒரு சோதனையை அதற்கு நூறு வருஷம் முன்பே, 1875ல், ஜார்ஜ் நூலிஸ் என்பவர் பாரிஸில் தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தார் என்பது பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

செய்முறை இப்படி. மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை 20 முதல் 30 டிகிரி மட்டும் மடக்க வேண்டும். அவ்வளவு மடக்க, வீங்கிய முழங்காலும் பெரும்பாலும் சம்மதிக்கும். ஒரு கை தொடையைச் சக்கரைக்குச் சற்று மேலே வெளிப்பக்கத்திலிருந்து அசையாமல் பிடிக்கும். இன்னொரு கை கீழ்க்கால் எலும்பை உள்பக்கத்திலிருந்து பிடிக்கும். கட்டைவிரல் முன்னால், மூட்டுக்கோட்டுக்கு (இரண்டு எலும்புகளும் சேரும் கோடு) பக்கத்தில் இருக்கும். 'காலை என் கையில் விட்டுடுங்க தம்பி, நீங்க தூக்க வேண்டாம்' என்று சொல்லி, தொடையின் பின்சதை தொளதொளவென்று ஆன பிறகு கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு தூரம் வந்தது என்பது ஒன்று. நல்ல காலைவிட 3 மி.மீ.க்கு மேல் கூடுதலாக வந்தால் சந்தேகப்பட வேண்டும், 10 மி.மீ.யைத் தாண்டினால் மோசமான தளர்வு. எப்படி நின்றது என்பது இரண்டாவது, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. முளையில் கட்டிய கன்று ஓடிப்போய்க் கயிறு விறைத்ததும் நிற்பதுபோல, நல்ல ஏசிஎல் எலும்பை டக்கென்று நிறுத்தும். கிழிந்திருந்தால் அந்த 'டக்' வராது. எலும்பு மெத்து மெத்தென்று முன்னால் வந்து, எங்கே நின்றது என்றே தெரியாமல் நிற்கும். மில்லிமீட்டர் கணக்கில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அந்த 'டக்' இருக்கிறதா இல்லையா என்பதில் அவ்வளவு வராது.

என் கை சின்னது, தொடையைப் பிடிக்கவே முடியவில்லை. லாக்மேன் எப்படிச் செய்வது?

மாணவிகள் மட்டுமல்ல, மாணவர்களும் கேட்கும் கேள்வி. உங்கள் முழங்காலைக் கட்டில்மேல் மடக்கி வைத்து, நோயாளியின் தொடையை உங்கள் தொடைமேல் ஏற்றிக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒரு கையால் அவர் தொடையை அழுத்தினால் போதும், பிடிக்க வேண்டியதில்லை. இன்னொரு கை கீழ்க்காலை இழுக்கட்டும். குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் முறையும் உண்டு. பெரிய உடம்புக்காரர்களுக்கு அது சௌகரியம். புவியீர்ப்பே பாதி வேலை செய்துவிடும்.

முழங்காலை மடக்கி, பாதத்தின்மேல் உட்கார்ந்து இழுக்கிறார்களே, அது என்ன?

முன் ட்ராயர் டெஸ்ட். முழங்கால் 90 டிகிரியில் இருக்கும். இரு கைகளாலும் கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுப்பார்கள். பழைய காயத்தில் நன்றாக வேலை செய்யும். புதுக் காயத்தில் நம்ப முடியாது. வீங்கிய முழங்கால் 90 டிகிரி மடங்காது. மடங்கினாலும் வலியில் பின்தொடைத் தசை கீழ்க்காலைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மெனிஸ்கஸின் பின்கொம்பும் முட்டுக்கொடுக்கும். ஆக ஏசிஎல் போயிருந்தாலும் 'சரியாக இருக்கிறது' என்று முடிவு வந்துவிடும். 2006ல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இந்தச் சோதனையைப் பழைய காயங்களில்தான் மெச்சியது. அதே ஆய்வில் லாக்மேன் டெஸ்ட், கிழிந்த 100 பேரில் சுமார் 85 பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. கிழியாத 100 பேரில் சுமார் 94 பேரைக் கிழியவில்லை என்று சரியாகச் சொன்னது.

பிவட் ஷிஃப்ட் டெஸ்ட் வலிக்குமா?

வலியைவிட, பயமாக இருக்கும். விளையாட்டில் திரும்பும்போது 'கால் விட்டுப்போகுது' என்று சொல்வீர்களே, அதையே படுக்கையில் உண்டாக்கிக் காட்டும் சோதனை இது. காலை நேராக நீட்டி, பாதத்தை உள்பக்கம் திருப்பி, முழங்காலை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தியபடி மெதுவாக மடக்குவார்கள். ஏசிஎல் இல்லாத காலில் கீழ்க்கால் எலும்பு முதலில் முன்னால் நழுவி நிற்கும். ஏறக்குறைய 30 டிகிரி வரும்போது 'டொக்' என்று இடத்துக்குத் திரும்பும். விழித்திருப்பவர் காலை இறுக்கிக்கொள்வதால் இது பல நேரம் பிடிபடாது. மேலே சொன்ன ஆய்வில் கிழிந்த 100 பேரில் 24 பேரிடம்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்துவிட்டால் ஏறக்குறைய உறுதி. கிழியாத 100 பேரில் 98 பேரிடம் அது வரவில்லை.

எனவே 'பிவட் ஷிஃப்ட் இல்லை, அதனால் ஏசிஎல் நன்றாக இருக்கிறது' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லீவர் டெஸ்ட் என்று புதிதாக ஏதோ சொல்கிறார்களே?

இத்தாலியின் லெல்லி சொன்னது. கெண்டைக்காலின் மேல்பகுதிக்கு அடியில் ஒரு முஷ்டியை வைத்து, சக்கரைக்குச் சற்று மேலே தொடையைக் கட்டிலை நோக்கி அழுத்த வேண்டும். ஏசிஎல் நன்றாக இருந்தால் குதிகால் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. செய்ய எளிது, தசையை இறுக்கிக்கொள்பவரிடமும் முயலலாம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம். பிறகு வந்த ஆய்வுகளில் முடிவுகள் முதலில் சொன்ன அளவுக்கு ஒரே சீராக இல்லை.

பிசிஎல் காயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் கண்ணால். இரண்டு முழங்கால்களையும் 90 டிகிரி மடக்கிப் பாதங்களை ஊன்றச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். பிசிஎல் போன காலில் கீழ்க்கால் எலும்பு பின்னால் தொய்ந்திருக்கும். சக்கரைக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். நல்ல காலில் கீழ்க்கால் எலும்பின் மேல்விளிம்பு தொடை எலும்பைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் துருத்தி நிற்கும், கட்டைவிரலால் தடவினால் அந்தப் படி தெரியும். அந்தப் படி மழுங்கியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ சந்தேகம் வலுக்கும். அதன்பின் கீழ்க்காலைப் பின்னால் தள்ளிப் பார்ப்பது பின் ட்ராயர் டெஸ்ட். அதே நிலையில் பாதத்தை நாம் பிடித்துக்கொண்டு 'பாதத்தை முன்னால் தள்ளப் பாருங்க' என்று சொன்னால், தொடைத் தசை இறுகும்போது பின்னால் கிடந்த எலும்பு தானாகவே முன்னால் வருவதும் தெரியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தொய்வைக் கவனிக்காமல் நேராக முன்னால் இழுக்கப் போனால், பின்னால் கிடந்த எலும்பு இயல்பான இடத்துக்கு வருவதையே 'முன்னால் நழுவுகிறது' என்று எண்ணி ஏசிஎல் மீது பழி போட்டுவிடுவோம். ஏசிஎல்லைச் சோதிக்கும் முன்பே பிசிஎல்லைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அதனால்தான். பைக் விபத்தில் வருகிறவர்களிடம் இதை விட்டுவிடவே கூடாது.

பக்கவாட்டு லிகமென்ட்களுக்கு?

உள்பக்கத்துக்கு வால்கஸ் டெஸ்ட், வெளிப்பக்கத்துக்கு வேரஸ் டெஸ்ட். முழங்காலைப் பக்கவாட்டில் அழுத்தி, மூட்டு எவ்வளவு வாய் திறக்கிறது என்று விரலால் உணர்வார்கள். இரண்டையும் இரண்டு நிலைகளில் செய்ய வேண்டும்: 30 டிகிரி மடக்கி ஒரு தடவை, முழுதாக நீட்டி ஒரு தடவை. 30 டிகிரியில் மட்டும் திறந்தால் பக்கவாட்டு லிகமென்ட் மட்டும் அடிபட்டிருக்கலாம். நீட்டிய நிலையிலும் திறந்தால் விஷயம் பெரிது. மூட்டுறையின் பின்மூலையோ உள்ளே இருக்கும் ஏசிஎல், பிசிஎல்லோ சேர்ந்து போயிருக்கும். 5 மி.மீ.க்குள் திறந்தால் முதல் தரம், 10 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது.

தனியாக அடிபட்ட எம்சிஎல் பெரும்பாலும் பிரேஸ் போட்டு, பயிற்சி செய்தாலே ஆறிவிடும். இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி.

எல்சிஎல்லை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலின் கணுக்காலை மற்ற முழங்காலின்மேல் தூக்கிப் போடுங்கள். முழங்காலின் வெளிப்பக்கம், தொடை எலும்பிலிருந்து கீழ்க்காலின் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன எலும்பின் தலை வரை, விரலுக்கடியில் இறுக்கமான ஒரு நாண் உருளும். அதுதான். அடிபட்ட காலில் அது கையில் சிக்கவில்லை என்றால் கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

டயல் டெஸ்ட் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது. (பிசியோ மாணவர்)

குப்புறப் படுக்கவைத்து இரண்டு பாதங்களையும் பிடித்து வெளிப்பக்கம் திருப்புங்கள். முழங்கால் 30 டிகிரியில் ஒரு தடவை, 90ல் ஒரு தடவை. அடிபட்ட கால் மற்றதைவிட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். 30ல் மட்டும் கூடுதல் என்றால் பின்-வெளி மூலை தனியாகப் போயிருக்கிறது. 30லும் 90லும் கூடுதல் என்றால் பிசிஎல்லும் சேர்ந்து போயிருக்கிறது. தேர்வில் கேட்பார்கள் என்பதற்காக மட்டும் அல்ல. இந்த மூலைக் காயத்தைக் கவனிக்காமல் ஏசிஎல்லை மட்டும் புதிதாக வைத்தால், புது லிகமென்ட் மீது சுமை ஏறி அதுவும் தளர்ந்துபோகக்கூடும்.

மெனிஸ்கஸ் சோதனையும் இதோடு செய்வார்களா?

செய்வார்கள். மூட்டுக்கோட்டில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பதும், முழங்காலை முழுக்க மடக்கித் திருப்பியபடி நீட்டும் மெக்மர்ரே டெஸ்ட்டும் வழக்கமானவை. புதுக் காயத்தில் இவற்றை வற்புறுத்திச் செய்ய வேண்டியதில்லை. கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால் அதுவே போதிய தகவல்.

வீங்கியிருக்கும்போது பார்த்தவர் 'ஒன்றுமில்லை' என்றார். பத்து நாள் கழித்துப் பார்த்தவர் 'ஏசிஎல் போச்சு' என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே நேர்மையாகத்தான் சொல்லியிருக்கலாம். ரத்தம் நிறைந்து, தசை இறுகிக் கிடக்கும் முழங்கால் யார் கைக்கும் சரியாக விடை சொல்லாது. அதனால்தான் முதல் நாள் சந்தேகம் இருந்தால் ஐஸ், ஓய்வு, ஊன்றுகோல் என்று அனுப்பிவிட்டு 7 முதல் 10 நாளில் திரும்ப வரச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வலி குறைந்துவிட்டது என்பதற்கு லிகமென்ட் சரியாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஏசிஎல் போனவர்களுக்கு ஒரு மாதத்தில் வலி கிட்டத்தட்டப் போய்விடும், ஓடித் திரும்பும்போதுதான் கால் வழுக்கும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாதே, எதற்கு எடுக்கிறார்கள்?

எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்ய. எல்லோருக்கும் தேவையில்லை. கனடாவில் வகுத்த ஒட்டாவா விதிகள்படி, வயது 55 அல்லது அதற்கு மேல், சக்கரையில் மட்டும் தொட்டால் வலி, வெளிப்பக்கச் சின்ன எலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்க வேண்டும். சில நேரம் எக்ஸ்ரேயே ஜவ்வைக் காட்டிக்கொடுக்கும். கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் சின்னச் சில்லு ஒன்று பெயர்ந்திருந்தால் அதற்குச் செகாண்ட் முறிவு என்று பெயர். 1879ல் பிரான்சின் பால் செகாண்ட் விவரித்தது. அந்தச் சில்லு தெரிந்தால் பெரும்பாலும் ஏசிஎல்லும் கிழிந்திருக்கும்.

எதற்கெல்லாம் சோதனை, ஸ்கேன் என்று காத்திருக்காமல் ஓட வேண்டும்?

முழங்கால் மூட்டே விலகியிருந்தால். சக்கரை விலகுவதைச் சொல்லவில்லை. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்வது. பைக் விபத்திலும் உயரத்திலிருந்து விழுவதிலும் நடக்கும். விபத்து நடந்த இடத்திலேயே மூட்டு தானாகத் திரும்பிவிடுவதும் உண்டு; அப்போது எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. ஆனால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். பாதம் சில்லிட்டாலோ, வெளிறினாலோ, மரத்துப்போனாலோ, கால் கட்டைவிரலை மேலே தூக்க முடியாவிட்டாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே எடுக்க நேரலாம். பாதத்தில் நாடி தெரிகிறது என்பதோடும் விட்டுவிடக் கூடாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பார்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

வேண்டாம். நோகும் காலை அனுபவமில்லாதவர் இழுத்தால் தசை இறுகும், எதுவும் தெரியாது. பாதி கிழிந்ததை முழுதாக்கிவிடவும் கூடும். அதைவிட மோசம், வீங்கிய அன்றே எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வெடுக்கென்று இழுத்துவிடுவதும். கட்டுப் போடுகிறவரிடம் போய்த்தான் தீருவேன் என்றால், முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்றாவது தெரிந்துகொண்டு போங்கள்.

ஆபரேஷன் மேசையில் மயக்கம் கொடுத்த பிறகும் திரும்பச் சோதிக்கிறார்களாமே?

ஆமாம், அப்போதுதான் தசை முழுக்கத் தளர்ந்திருக்கும். விழித்திருக்கும்போது மறைந்திருந்த பிவட் ஷிஃப்ட் அங்கே பளிச்சென்று தெரியும். முன்பு பிடிபடாத இன்னொரு லிகமென்ட் காயம் அங்கே வெளிப்பட்டு, திட்டம் மாறுவதும் உண்டு. 'சொன்னதற்கு மேல் ஏதோ செய்துவிட்டார்கள்' என்று பிறகு வருத்தப்படுவதைவிட, கையெழுத்துப் போடும் முன்பே இந்த வாய்ப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது என்ன உடுத்திக்கொண்டு போவது?

அரைக்கால் சட்டை. லுங்கி, வேட்டி என்றாலும் சரி. பெண்கள் தளர்வான பைஜாமாவோ நைட்டியோ அணிந்து, மேலே போர்த்த ஒரு துப்பட்டா எடுத்துச் செல்லலாம். ஜீன்ஸை முழங்கால் வரை சுருட்டினால் அது தொடையை இறுக்கிப் பிடிக்கும்; தொடைத்தசை மெலிந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோகாமல் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.